கம்பெனி அழுக்கு என்று சொன்ன பொடிக்காரருக்கு

என் அக்கா புருஷனைக் கொன்றது சிதம்பரத்துப் பொடிக்காரர்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் கொடுத்த நீல மூடி டப்பா இன்னும் அக்கா வீட்டு அடுப்படியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாதிப் பொடி மிச்சம். திறந்தால் அதிமதுரத்தின் இனிப்பு வாசனை வரும். எனக்கு அது ஆஸ்பத்திரி வாசனை.

மாமாவுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. இடுப்புவலிக்கு அவராகவே கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். வயிற்றில் புண் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வார்கள். உள்ளே போன தூசியை வெல்லம் வெளியே தள்ளிவிடும் என்று நம்பிக்கை. கம்பெனி தங்கள் உடம்புக்குள் சேர்ந்துகொண்டே இருக்கிறது, எப்படியாவது அதை வெளியேற்ற வேண்டும் என்ற பயம் அங்கே எல்லாருக்கும் உண்டு. பொடிக்காரர் அந்தப் பயத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

மஞ்சக்குப்பம் மைதானத்துப் பொருட்காட்சியில் வயிற்றுப்புண்ணுக்குப் பொடி விற்க மைக் பிடித்து அவர் பேசியதை நானும் மாமாவோடு நின்று கேட்டேன். டாக்டர்கள் வாய்வழியாக டியூப் விட்டால் புண் கிழிந்துவிடும் என்றார். மாமா அந்த வாரம் டியூப் டெஸ்ட்டுக்குப் போக வேண்டியவர். போகவில்லை. டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். நான் சண்டை போட்டேன். "மச்சான், நீ என்னா மாத்திரைக் கடைக்கு ஏஜென்ட்டா?" என்று சிரித்தார். பொய் சொல்ல மாட்டேன், எரிச்சல் குறைந்தது. காரக்குழம்பு கேட்டுச் சாப்பிட்டார். பிறகுதான் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போக ஆரம்பித்தது. அக்கா பயந்துபோய்ப் பொடிக்காரருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் சொன்னதை நாங்கள் மூவரும் கேட்டோம்.

"கறுப்பா போவுதா? நல்லதும்மா. அத்தனையும் கம்பெனி அழுக்கு. அழுக்கு ஜாஸ்தி இருந்தா அசதியா இருக்கும். பொடிய மட்டும் நிறுத்திடாதீங்க."

மாமாவின் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னும் அழுக்கு வரலையே என்று அதே பொடியைச் சாப்பிடும் ஒருவர் ஏங்கினாராம். மாமாவோ நாளுக்கு நாள் வெளுத்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். பொடிக்காரரிடமே நேரில் கேட்டுவிடுவோம் என்று சிதம்பரத்துக்கு அழைத்துப் போனேன். கடை வாசலில் சுருண்டு விழுந்தார். தண்ணீர் கேட்டு நான் திரும்பியபோது பொடிக்காரர் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா மலம் எப்படிப் போகிறது என்று கேட்டார். மாமாதான் பதில் சொன்னார், தேறிவரும் ஆள் மாதிரி.

"நல்லா போவுதும்மா. அழுக்கெல்லாம் வெளிய வந்துடுச்சி."

டாக்டரம்மா அவர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "அது அழுக்கு இல்லீங்க. ரத்தம். வயித்துக்குள்ள கசியிற ரத்தம் அப்படிக் கறுப்பாத்தான் வெளிய வரும்" என்றார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றுதான் அவர் கிண்டல் எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார். ரத்தம் ஏற்றினார்கள். விடிவதற்குள் போய்விட்டார்.

செடிகொடிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்கா இன்றும் மணத்தக்காளிக் கீரை சமைக்கிறாள், நானும் சாப்பிடுகிறேன். அதிமதுரம் சிலருக்கு எரிச்சலைத் தணிக்கலாம், கசியும் ரத்தக்குழாயை அது அடைக்காது, எரிச்சல் அடங்கியதாலேயே புண் ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார். அந்த வேர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. மைக் பிடித்தவர்தான் சொன்னார்.

இந்த வருடமும் மஞ்சக்குப்பத்தில் அவருக்கு அதே இடத்தில் கடை, அதே மைக். முன்வரிசையில் கம்பெனி சட்டையோடு ஆட்கள் நிற்கிறார்கள். பொடிக்காரரே, அக்காவின் அடுப்படியிலிருந்து அந்த நீல மூடி டப்பாவை எடுத்துக்கொண்டு நானும் அங்கே வருகிறேன். என் மாமாவுக்குக் கறுப்பாகப் போனது என்ன? அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி அந்த மைக்கிலேயே சொல்லுங்கள்.