ஷிஃப்ட் இல்லாதவள்

2012 ஆகஸ்ட் 12, ஞாயிறு மாலை நான்கு மணி. படப்பையில் எங்கள் நாடகக் குழு ஒத்திகை பார்க்கும் மாடியில், கதாநாயகி வேடத்தை எதிர்பார்த்து நின்றேன். மற்ற அனைவரும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். நான் ஒருத்திதான் கல்லூரி மாணவி.

“உனக்குத்தான் ஷிஃப்ட் கிடையாதேம்மா. யாரு என்னிக்கு வருவாங்கன்னு பாத்து, இனிமே வேஷத்துக்கு ஆள் நீயே எடு,” என்றார் இயக்குநர்.

ஆள் எடுப்பவர் நடிக்கக் கூடாது என்பது குழுவின் வழக்கம். நான் மறுத்தால் அதைச் செய்ய வேறு யாருக்கும் நேரமில்லை, நாடகமே நின்றுவிடும்.

“இன்னா, ஆபீசர் ஆயிட்டியா? எனக்கு ராஜா வேஷம் குடு,” என்றார் வெல்டர் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அன்று வசனம் படித்துக்காட்டியவர்களில், திருநெல்வேலியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண் தாளைப் பார்க்காமலே பேசினாள். என்னைவிட நன்றாகவே பேசினாள். அவளுடைய ஷிஃப்ட் ஒத்துவராது என்று நான் எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதனால் வேடம் எனக்கு வந்திருக்காது.

மறுநாள் காலை, இரவு ஷிஃப்ட் முடித்து அவள் பேருந்திலிருந்து இறங்கும் நிறுத்தத்தில் காத்திருந்து, என் பிரதியை அவளிடம் நீட்டினேன். கதாநாயகியின் வசனங்கள் அனைத்தும் அதில் ஒரு வாரத்துக்கு முன்பே அடிக்கோடிடப்பட்டிருந்தன.

“எக்கா, எனக்காகவா கோடு போட்டு வச்சிருக்கிய?”

ஆமாம் என்றேன்.