அன்புராசாவின் நாற்பது நாள் நல்ல குணம்

குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர் அன்புராசா. பெயர் வைத்தபோது பெற்றோர் அதைக் கவனிக்கவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் நடந்த ஒரு கல்யாணத்தில், சரியாகத் தாலி கட்டும் நேரம் பார்த்து மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டார். அவசர வாசலை வாழைமரம் மறைக்கிறது, நெருப்புப் பிடித்தால் முந்நூறு பேரும் உள்ளேயே வெந்துபோவோம் என்றார். சொன்னது சரிதான். வாழைமரத்தை நகர்த்தினார்கள். அந்தக் குடும்பம் அதோடு அவருடன் பேச்சை விட்டது.

"வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதோ உங்களுக்கு?" என்று காரில் வரும்போது மனைவி ரதி கேட்டாள்.

"கண் தெரியுதே. என்ன செய்ய?"

ரதியின் தமையன் பொன்னம்பலத்திடம் இதற்கு மருந்து இருந்தது. காப்புறுதி முகவரான அவர், சனிக்கிழமைகளில் மல்வேர்னில் நடந்த ஒரு வகுப்புக்குப் போய்வந்தார். 'உண்மையான உன்னை அறி' என்று அதற்குப் பெயர். உண்மையான தன்னை அறிவதற்கு அங்கே சொல்லிக்கொடுத்த வழி, வேறு ஆளாக மாறிவிடுவது. காலையில் கண்ணாடி முன் நின்று பத்துத் தரம் சிரிக்க வேண்டும். நாற்பது நாளைக்கு எதையும் குறை சொல்லக் கூடாது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தைமாதம் அன்புராசா அதில் சேர்ந்தார். வீட்டில் அமைதி வந்தது. அவருக்கு வயிற்றெரிவும் வந்தது. சாம்பாரில் உப்பில்லாத அன்று "அருமை" என்றார். ரதி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முப்பத்தோராம் நாள் பொன்னம்பலம் மோர்னிங்சைட்டில் தான் வாங்கப்போகும் வீட்டைக் காட்ட இருவரையும் கூட்டிப்போனார். நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மன்றில் நான்கு சுவர்களில் ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயின்ற். அந்த மூலையில் மட்டும் ஊதுபத்தி.

"எப்பிடி மச்சான் வீடு?"

மூன்று வசனங்கள் அன்புராசாவின் தொண்டை வரை வந்து நின்றன. விழுங்கினார்.

"நல்ல வெளிச்சம்."

"பாத்தியே ரதி, வகுப்பு வேலை செய்யுது," என்றார் பொன்னம்பலம்.

பொன்னம்பலம் அந்த வீட்டை வாங்கினார். சித்திரையில் பனி கரைந்தது. புதுப் பெயின்ற் அடித்த சுவர் வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. அன்புராசாவும் பொன்னம்பலமும் வாளியோடு இறைத்தார்கள்.

"உமக்கு முதலே தெரியுமோ?" என்று பொன்னம்பலம் மெதுவாகக் கேட்டார்.

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"முப்பத்தோராம் நாள், மச்சான். நீங்கள்தானே நல்லதை மட்டும் சொல்லச் சொன்னனீங்கள்."

பொன்னம்பலம் வாளியை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அன்புராசாவுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருடம் உண்மையைச் சொல்லிப் பகைத்த ஒருவருக்காகவும் அவர் வருந்தியதில்லை. நல்ல குணத்தோடு விழுங்கிய அந்த உண்மைதான் இப்போது காலை நனைத்தது. நாற்பது நாள் முடிந்தும் விடாத வகுப்புக்கு அந்தச் சனிக்கிழமை அவர் போகவில்லை. வயிற்றெரிவு ஒரு கிழமையில் நின்றது.

பொன்னம்பலம் நல்ல மனிதர். தன் கதையைத் தானே ஊரெல்லாம் சொன்னார். அதன்பின் வீடு வாங்கப்போன தமிழர்கள் அன்புராசாவைத் தேடி வந்தார்கள். அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட அஞ்சியவர்களே, "அண்ணை, ஒருக்கா வந்து குறை சொல்லுங்கோ" என்று கெஞ்சினார்கள். அவர் படித்துத் தேறி, அதுவரை பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டு, வீட்டுப் பரிசோதகரானார். முன்பு திட்டு வாங்கித் தந்த அதே வாய்க்கு இப்போது சம்பளம்.

சொந்த வீடு மட்டும் அமையவில்லை. பதினொரு வீடுகளைப் பார்த்துத் தள்ளினார். தொண்ணூற்றொன்பதில், பன்னிரண்டாவது வீட்டின் குசினியில், அடுப்பருகே நின்று ரதி கேட்டாள்:

"எத்தினை குறை?"

"பதினேழு."

"உயிருக்கு ஆபத்தானது?"

"ஒண்டுமில்லை."

"அப்ப இந்தப் பதினேழோடையும் நான் இருப்பன். உங்களோடை இருக்கிறன்தானே."

அந்த ஆவணியிலேயே குடிபோனார்கள். வருகிறவர்களுக்கு ரதி தேத்தண்ணி கொடுப்பாள். அன்புராசா பதினேழு குறைகளையும் ஒன்றொன்றாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்.