அடியில் ஒரு பூச்சு

பாலிஷ்காரர் எந்த வீட்டுக்குப் போனாலும் மேசைக்கு அடியில் கைவைத்துப் பார்ப்பார். மேலே யாரும் பூசுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூசியிருக்கிறானா என்பதில்தான் வேலைக்காரன் தெரிவான் என்பது அவர் எண்ணம். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோதும் விரல் தானாகக் கைப்பிடியின் கீழே போய்விட்டது.

“அடியில பச்சையா விட்டிருக்கான், மாமா.”

“என் பொண்ணுக்குப் பதிலா நீங்க நாற்காலியையே கட்டியிருக்கலாம், மாப்ளே” என்றார் மாமனார்.

மாமனார் முப்பத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. மாமியார் போனபின் மகள் வீட்டுக்கு வந்தார். வந்த மறுவருஷம் ஒருநாள் காலையில் வலது கை விளங்காமல் போனது. பாதி திரும்பிவிட்டது. மீதிக்கு நுணுக்கமான வேலை ஏதாவது கொடுங்கள் என்றார் மருத்துவர். அதற்காகத்தான் மீன்தொட்டி வந்தது. காலையும் மாலையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை தீனி. ஏழு தங்கமீன்கள். பெரியதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியாக வந்துவிடுமாம்.

ஐந்து வருஷத்தில் விரல்கள் தேறின. தன் மாத்திரைகளை அவரே கிழமை போட்ட டப்பாவில் பிரித்து வைத்தார். சட்டைப் பொத்தானையும் அவரே போட்டுக்கொண்டார்.

ஒரு கோடையில் ஏரி வற்றியபோது பாலிஷ்காரர் சேற்றில் ஒரு வேரைப் பார்த்தார். வெயிலும் தண்ணீரும் மாறிமாறித் தின்று, பட்டை போய், எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. நாலு கிளை விரிந்து ஒன்று மட்டும் வளைந்திருந்தது. வண்டியின் பின்னால் கட்டிக் கொண்டுவந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மரம் வேலை எதுவும் கேட்காமல் முடிந்தே இருக்கிறது என்று நினைத்தார்.

இதைத் தொட்டிக்குள் வைக்கலாமா என்று வளர்ப்புமீன் கடைக்காரரிடம் கேட்டார்.

“தேய்ச்சுக் கழுவுங்க. கொதிக்கிற தண்ணிய ஊத்துங்க. மூழ்குற வரைக்கும் ஊறப் போடுங்க, தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க. அவ்வளவுதான்” என்றவர், பாலிஷ்காரரின் நகக்கண்ணில் படிந்திருந்த வார்னிஷைப் பார்த்துவிட்டுச் சொன்னார், “மேல எதையும் பூசிடாதீங்க. உங்க கை சும்மா இருக்காது.”

மூன்று வாரம் டிரம்மில் ஊறியது. முதலில் தேநீர் நிறத்தில் இருந்த தண்ணீர் கடைசியில் தெளிந்தது. வேர் மூழ்கியது. தொட்டிக்குள் வைத்துப் பார்த்தால் அடியில் ஊன்றும் கால் ஒன்று நீளமாக இருந்தது. மூன்று விரற்கடை அறுத்தார். அறுத்த முகம் வெளிர்மஞ்சளாக, துளைதுளையாகத் தெரிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியவில்லை. வேலை பழகிய நாளில் மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருப்பார்: அறுத்த முகத்தை அம்மணமா விடாதே. அந்த முகம் மணலுக்குள் புதைந்துவிடப் போகிறது, யாரும் பார்க்கப் போவதில்லை. யாரும் பார்க்காத இடம் என்பதாலேயே கை பரபரத்தது. மரத்தின் துளைகளை அடைக்கிற சீலரை எடுத்து ஒரே ஒரு பூச்சுக் கொடுத்தார். ராத்திரி முழுக்கக் காற்றாட வைத்தார். காலையில் விரலால் தொட்டார். ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்றால் காய்ந்தது என்று அர்த்தம், அலமாரிக்கு.

வேரை வைத்ததும் மாமனார் அரைமணி நேரம் தொட்டியை விட்டு நகரவில்லை. மேனேஜர் கிளைக்கு அடியில் போய் நின்றது. “தனி அறை கேட்டுக்கிட்டு இருந்தான், கிடைச்சிருச்சு” என்றார்.

இரண்டாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் ஏழும் மிதந்தன.

“அப்பா, தீனியை அள்ளிப் போட்டீங்களா?” என்றாள் மகள். “அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு என்னைச் சின்ன வயசுல அந்தப் பாடு படுத்துவீங்களே.” கோபமாகச் சொல்லவில்லை. விளையாட்டுப் போலத்தான் ஆரம்பித்தாள்.

மாமனார் தன் கையைப் பார்த்தார். “முந்தாநாள் கொஞ்சம் நடுங்குச்சு. கூட விழுந்திருக்கும்.”

பாலிஷ்காரர் அப்போது சும்மா இருந்திருந்தால்கூடப் பாதிப் பாவம்தான். “தண்ணியும் தீனி கூடின மாதிரி கலங்கலாத்தான் இருந்துச்சு” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் பிறகு எத்தனையோ முறை சாரத்தின் மேல் நின்று, கதவு தேய்த்துக்கொண்டு, தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

வேரை வெளியே எடுத்தபோது அறுத்த முகத்தில் பூச்சு வெள்ளையாகப் பொருக்கு விட்டிருந்தது. நகத்தால் சுரண்டியதும் தோல் போல உரிந்து வந்தது. உப்புத்தாளால் சுத்தமாகத் தேய்த்துவிட்டு வேரைப் பால்கனியில் போட்டார். காலித் தொட்டியில் பழைய செய்தித்தாள்கள் சேர்ந்தன.

மாமனாரின் கை மடியில் கிடந்த துண்டுக்கு அடியில் போய்விட்டது. ஒருநாள் மாத்திரை டப்பாவை மகளிடம் நீட்டினார். “நீயே எடுத்துக் குடும்மா. நான் எண்ணினா தப்பாயிடும்.” பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பாலிஷ்காரர் அதைக் கேட்டுக்கொண்டே வேலைக்குக் கிளம்பினார். அடுத்த வாரம் சட்டையை விட்டுப் பனியனோடு இருக்க ஆரம்பித்தார் மாமனார். பொத்தான் போட ஆளைக் கூப்பிட அவருக்குக் கூச்சம்.

ஒரு சாயங்காலம் பாலிஷ்காரர் நாலு தங்கமீன்களைப் பையில் வாங்கி வந்தார். சொல்லாமலே சரி செய்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தார்.

மாமனார் பையைப் பார்த்தார். “கொண்டுபோய்க் குடுத்துடுங்க, மாப்ளே. இந்தக் கைக்கு உயிர் வேண்டாம்.”

“மாமா, உங்க கையில்லை.”

“விடுங்க.”

“வேர்ல நான் சீலர் போட்டேன். அடியில, அறுத்த இடத்துல. கடைக்காரர் வேண்டாம்னு சொல்லியும் போட்டேன். அதுதான் கொன்னுது.”

பைக்குள் ஒரு மீன் திரும்பியது. மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எத்தனை நாளாச்சு?”

“ஐம்பத்து மூணு.”

“எண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க.”

“ஆமா.”

“நான் என் கையைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க.”

பாலிஷ்காரர் மீன் பையைக் கீழே வைத்தார்.

“அவளைக் கூப்பிடுங்க” என்றார் மாமனார். “அவகிட்டயும் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். சீலர் என்ற சொல் வந்ததும் அவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள். அவரைப் பார்க்கவில்லை. அப்பாவின் மடியில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

“அந்தத் தீனி டப்பா எங்கம்மா?” என்றார் மாமனார்.

அலமாரி மேலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இடது கையில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் துண்டுக்குள்ளிருந்து எடுத்தார். விரல்கள் மூடியின் மேல் போய் நின்றன, வளையவில்லை. ஐந்து வருஷத்தில் சேர்ந்தது ஐம்பத்து மூன்று நாளில் போயிருந்தது. மகள் கை நீட்டினாள்.

“விடு.”

பாலிஷ்காரர் தொட்டியிலிருந்து செய்தித்தாள்களை எடுக்க ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் மூடியில் நகம் வழுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடியும் கேட்டது.