பேகோபுரத் தெருவின் நான்கு பட்டாம்பூச்சிகள்

1990-ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து நான்கு படங்களை நான் திருடினேன். இரவல் வாங்கியதாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருட்டுத்தான். 2003 தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

காலை 6.40. வேலூர் பேருந்து நிலையம். திருவண்ணாமலைக்கு எண்பத்திரண்டு கிலோமீட்டர், கட்டணம் இருபத்தைந்து ரூபாய். அட்டைகளுக்கு நடுவே வைத்து வேட்டித் துணியில் கட்டிய பொட்டலத்தை மடியில் வைத்திருந்தேன்.

"பெரியவரே, அத மேல வைங்க. இன்னா அது, சாமி படமா?" என்றார் நடத்துனர்.

"பட்டாம்பூச்சிப் படம்."

"பறந்துடப் போவுது, கெட்டியா புடிச்சிக்கங்க." பின் இருக்கையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கண்ணமங்கலம் வரை மூடுபனி. அதற்கப்பால் நிலக்கடலைக் கொல்லைகளும், அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் போர்களும். 8.05-க்குப் போளூரில் பத்து நிமிடம் நின்றது. டீ இரண்டு ரூபாய். குடிக்க மனம் வரவில்லை.

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியனாக இருந்தவன். 1990-இல் திருவண்ணாமலைக்கு ஒரு நண்பர் வீட்டுத் திருமணத்துக்குப் போனபோது, பேகோபுரத் தெருவில் ஏகாம்பரம் என்பவர் வீட்டில் தங்க வைத்தார்கள். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவருடைய தாத்தா ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்குச் சமையல்காரர். சீமைக்குத் திரும்பும்போது துரை கொடுத்துவிட்டுப் போனவை அந்த நான்கு படங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அழுத்தி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தூரிகையால் வண்ணம் தீட்டியவை. தென்னமெரிக்கக் காடுகளின் பட்டாம்பூச்சிகள். பக்கத்திலேயே அவற்றின் புழு, புழு தின்னும் இலை. ஒன்றின் சிறகு முழுவதும் நீலம். அந்த நீலத்தில் ஒரு துளி கோட்டைத் தாண்டி வெளியே கசிந்திருந்தது. இருநூறு வருடத்துக்கு முன் யாரோ ஒருவரின் கை தவறிய இடம். அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

"உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது, எங்கள் ஆய்வகத்தில் சுத்தம் செய்து தருகிறேன்" என்றேன். பூஞ்சை இல்லை. படங்களைப் புகைப்படம் எடுத்து அதே அளவுக்குப் பெரிதாக்கி, அதே சட்டங்களில் பொருத்தி, மூன்று வாரத்தில் திருப்பிக் கொடுத்தேன். அசல் என் பீரோவில் இருந்தது. விற்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

நான் படங்களோடு கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன், வேலூரில் ஒரு திருமண வீட்டில் ஏகாம்பரத்தின் உறவினர் ஒருவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் ஒரு வேடிக்கை சொன்னார். ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா வெள்ளிக்கிழமைதோறும் சுவர்ப் படங்களை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பாராம். அப்படித் துடைத்தே, கண்ணாடி இடுக்கில் தண்ணீர் இறங்கவிட்டு, துரை கொடுத்த படங்களின் நிறத்தைப் போக்கிவிட்டாராம். "எங்க குடும்பத்துல அவங்க கையில எதுவும் குடுக்கமாட்டோம். குடுத்தா, பட்டாம்பூச்சியாட்டம் ஆயிடும்னு சொல்லுவோம்" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். நிறம் போனது என் புகைப்படத்தில்.

9.10. வேங்கிக்காலில் மனுக் கொடுக்க வந்தவர்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு இறங்கியதும் பேருந்து பாதி காலியானது. நிலையத்திலிருந்து ஆட்டோ இருபது ரூபாய்.

கதவைத் திறந்த சரோஜா அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வேலூர் வாத்தியார்தானே? வாங்க. நீங்க நல்லாத்தான் பண்ணிக் குடுத்தீங்க. நான்தான் பாழாக்கிட்டேன்."

உட்காரச் சொல்லும் முன்பே அவர் அதைச் சொன்னார். சுவரில் நான்கு படங்களும் செங்கல் நிறத்தில் வெளுத்திருந்தன. நீலம் இருந்த சுவடே இல்லை. பொட்டலத்தைப் பிரித்தேன். நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்.

அவர் நீலச் சிறகை வெகுநேரம் பார்த்தார். "அப்போ தண்ணியால போவலியா?"

"இல்லம்மா. நான் மாட்டினது வெறும் போட்டோ. நீங்க தொடாம இருந்தாலும் வெளுத்திருக்கும்."

"அவர்கிட்ட சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க, காது கேக்காது."

பின்கட்டில் ஏகாம்பரம் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "இன்னாது?" என்றார். இன்னும் உரக்கச் சொன்னேன். "யாரு திருடனா?" என்றார். மூன்றாம் முறை, "நான்தான் திருடினேன்! உங்க வீட்டம்மா மேல தப்பில்ல!" என்று கத்தினேன். குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படங்களைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னனே, தண்ணி பட்டா இவ்ளோ போவாதுன்னு."

"யாரு, நீங்களா?" என்றார் சரோஜா அம்மாள். "உங்க தங்கச்சி பொண்ணு வளைகாப்புல நான் வெள்ளித் தட்ட எடுத்ததுக்கு, எல்லார் எதிர்லயும் பட்டாம்பூச்சியாட்டம் ஆயிடும்னது யாரு?"

அவர் நாளிதழைப் புரட்டினார்.

"இது மட்டும் கேக்காது" என்றார் அம்மாள் என்னிடம்.

பதினோரு மணிக்குள் நான் சட்டங்களின் பின்பலகையைக் கழற்றி, புகைப்படங்களை எடுத்துவிட்டு அசலைப் பொருத்தினேன். கண்ணாடிகளில் தூசு. ஏகாம்பரம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். "சரோஜா, ஒரு துணி எடுத்தா."

"ஈரத்துணியா, காஞ்ச துணியா?"

இது அவருக்குக் கேட்டது. "உன் இஷ்டம்" என்றார், தரையைப் பார்த்தபடி.

சரோஜா அம்மாள் ஈரத்துணியைத்தான் கொண்டுவந்தார். கணவர் எதிரில் நான்கு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் துடைத்தார். கசிந்த நீலத் துளி இருந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தார். சந்தனம், குங்குமம் வைத்தார். ஏகாம்பரம் ஸ்டூல் மேல் ஏற, அம்மாள் எடுத்துக்கொடுக்க, படங்கள் ஆணியில் ஏறின.

எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தந்தார்கள். சாப்பிடச் சொல்லவில்லை. வாசலில், "போயிட்டு வரேம்மா" என்றேன்.

"சரி, போங்க" என்றார் சரோஜா அம்மாள்.

வீட்டுக்கு வந்தவரை எங்கள் பக்கத்தில் அப்படி அனுப்பமாட்டார்கள். கடன் கேட்டு வந்தவனிடம்கூட "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். அவர் வாய் தவறிச் சொல்லவில்லை. அதன்பிறகு நான் திருவண்ணாமலைக்குப் போகவில்லை, தீபத்துக்குக்கூட.