இங்கே பழைய தலைவர், ரவாங்கில் புதிய தலைவர்

எங்கள் தோட்டத்துக் கோயிலில் நிர்வாகம் மாறிய வாரம் அது. நான் புதிய செயலாளர். சும்மாவே யாரையும் லேசில் நம்பாதவன். பதவி வேறு வந்துவிட்டது, கேட்க வேண்டுமா?

கோயில் வெப்சைட்டை வேறு கம்பெனிக்கு மாற்றி, புதிய தலைவர் படத்தைப் போடச் சொல்லியிருந்தோம். அந்த வேலையைப் பார்த்தவள், தேர்தலில் தோற்ற பழைய தலைவரின் மகள். முடிந்துவிட்டது என்று காலையில் செய்தி அனுப்பினாள். இங்கே கோல சிலாங்கூரில் என் கைப்பேசியில் திறந்தால், பழைய தலைவர் கும்பிட்டபடி நிற்கிறார்! ரவாங்கில் இருக்கும் என் தம்பிக்குப் புதியவர் தெரிகிறாராம்.

உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"டைம் எடுக்கும் அங்கிள். பேரு அதேதான், இடந்தான் மாறியிருக்கு. ஒவ்வொரு போன் லைன் கம்பெனியும் பழைய இடத்தக் குறிச்சி வச்சிருக்கும். கெடு முடிஞ்சாத்தான் திரும்பக் கேக்கும். நாளைக்குள்ள சரியாயிரும்லா."

"அந்தக் கெடுவ யாரு வச்சது?"

"நாந்தான். முந்தியே ஒரு நாள்னு வச்சது."

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். லண்டனுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் அந்த நொடியே போய்ச் சேருகிறது. பக்கத்திலேயே இருக்கும் என் கைப்பேசிக்கு ஒரு நாளா? யாரிடம் காது குத்துகிறாள்? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேவு பார்க்கக் கிளம்பினேன். பழைய தலைவரின் ஆட்கள் நாலு பேர் வீட்டுக் கைப்பேசிகளிலும் பழைய படம். என் மாமியார் வீட்டிலும் அதேதான். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

மாலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன்: "உங்கப்பா சொல்லித்தானே இப்படிச் செய்ற?"

அவள் எழுந்தாள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை எல்லார் கைப்பேசியிலும் புதியவர். அந்தத் தாளை நாங்கள் யாரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். பழைய தலைவர்தான் கதவைத் திறந்தார்.

"தப்பு என்மேலதான். பிள்ளையக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. "கூட்டத்துல நீங்க கேட்டத வந்து சொன்னாங்க. நானும் அவளக் கேட்டுட்டேன், 'அப்பாவுக்காக ஏதும் செஞ்சியாம்மா'ன்னு. அப்ப பிடிச்சி எங்கிட்டயும் பேச மாட்டேங்கிறா."