ஒலிந்தினா கேட்ட சத்தியம்

அன்றைக்கு ஒலிந்தினாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அகப்பித்து அந்தச் சமாதானப் பாயைவிட்டு நல்ல பேரோடு எழுந்து போகக் கூடாது.

அகப்பித்து யாரோ எவனோ இல்லை. ஒலிந்தினாவின் சித்தப்பா மகள் ஜுவிதாவைக் கட்டியவன். பெண் எடுத்தவன் பெண் கொடுத்த வீட்டுக்கு ஆயுசு முழுக்கத் தலை வணங்கணும், விசேஷத்துக்கெல்லாம் எருமை ஓட்டி வரணும். அதுதான் தீமோர் மலைக்காரர்கள் வழக்கம். இவனோ விடுதலைக்கு ஓட்டுப் போட்ட மறுவாரம், விடுதலையை எதிர்த்த துணைப்படையோடு வந்து அந்த வீட்டுக்கே தீ வைத்தான். அன்றைக்குக் காணாமல் போன அவள் அண்ணன் மார்சால் திரும்பவே இல்லை.

நாலு வருஷம் கழித்து உண்மை ஆணையத்துக்காரர்கள் வந்தார்கள். வீடு எரித்தது, மாடு பிடித்தது எல்லாம் பாயில் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். கொலை என்றால் தலைநகர் டிலியில் கோர்ட்டுக்குப் போகணும் என்றார்கள். அகப்பித்து எழுதிக் கொடுத்தான்: வீட்டை எரித்தேன், பன்றியைத் தூக்கினேன். அவ்வளவுதான்.

கோயில் முற்றத்தில் பாய் விரித்தார்கள். வழக்கு முடியாமல் அதைச் சுருட்டக் கூடாது. அகப்பித்து வேலியில் ஓர் எருமையைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"மதினி, தப்புப் பண்ணிட்டேன். வீட்ட நானே கட்டித் தாரேன். எருமையும் ஒங்களுக்குத்தான்."

"கல்யாணத்தன்னிக்குப் பேசுன எருமையா இது? இப்பத்தான் நடந்து வந்து சேந்துச்சாக்கும்" என்றாள் ஒலிந்தினா. கிழவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வழக்குப் பேசும் மூத்தவர் இலாரியு வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுத்துப் போட்டால் சமாதானம்.

"வெத்தல அப்புறம் மாமா. மொதல்ல சத்தியம். வாள் முனை தொட்ட கள்ளக் குடிச்சிட்டு மாப்பிள்ள சொல்லட்டும், வீட்டயும் பன்னியையும் தவிர வேற எதையும் தொடலன்னு."

அது கடைசியில் செய்கிற சடங்கு. எல்லாம் முடிந்து, இனிப் பகை இல்லை என்று ரெண்டு பக்கமும் குடிப்பது. ஆணையத்துப் பெண் எவுஃப்ராசியா குறுக்கே வந்தாள்: "எழுதிக் குடுத்ததே போதும்க்கா."

"காயிதத்துல பொய் சொன்னா வயிறு வீங்காதும்மா."

இலாரியு அகப்பித்துவைப் பார்த்தார். "பொண்ணு குடுத்த வீடு கேக்குதுப்பா. மாட்டேன்னு சொல்ல ஒனக்கு வாயில்ல."

சிரட்டையில் கள் வந்தது. பொய்யாகக் குடித்தவன் அடுத்த மக்காச்சோள அறுப்பைப் பார்ப்பதில்லை என்று அவன் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். சிரட்டை வாய்வரை போனது. உதட்டில் படாமல் அப்படியே நின்றது.

"குடி மாப்பிள்ள. வீடுதான, குடிச்சிரு."

சிரட்டையைக் கீழே வைத்துவிட்டான். "நான் வெட்டல மதினி. ஒங்கண்ணன் கைய மட்டுந்தான் பிடிச்சேன். காப்பித் தோட்டத்துக்குக் கீழ, ஓடைக்கரையில."

எவுஃப்ராசியா பேனாவை மூடினாள். "இதுக்கு மேல இங்க பேச முடியாது. போலீசுக்குச் சொல்லணும்."

ஜுவிதா ஓடி வந்து ஒலிந்தினாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா! எம்புள்ளைங்களுக்கு அப்பன் வேண்டாமா? நீயும் எனக்குப் பொறந்த வீடுதான!"

"ஒம்புருஷன் உயிரோடதான்டி போறான். பண்டிகைக்குச் சோறு கட்டிட்டுப் போய்ப் பாரு. நான் நாளைக்குக் கடப்பாரையோட போறேன், எங்கண்ணனப் பாக்க."

பாதை மழையில் அரித்திருந்ததால் போலீஸ் ஜீப் வர மத்தியானம் சாய்ந்துவிட்டது. அதுவரை அகப்பித்து பாயிலேயே இருந்தான். ஒலிந்தினா அவனுக்கு நேரெதிரே கல்லைப் போட்டு உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கை உரித்து உரித்துத் தின்றாள். அண்ணன் போனதிலிருந்து அவ்வளவு பசியோடு அவள் தின்றதில்லை. அவன் நிமிரும்போதெல்லாம் அவள் கண் அங்கேயே இருந்தது.

எவுஃப்ராசியா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, காலையிலேர்ந்து பட்டினியா இருக்காரு. கொஞ்சம் காப்பி குடுக்கட்டா?"

"குடு, குடு. டிலியில வாயத் தொறந்து எல்லாத்தையும் சொல்லணும்ல. தொண்டை காஞ்சிரக் கூடாது."