நான் பொட்டு வைத்த துரைசானி

1950களில் திண்டுக்கல்லில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தேன். பங்களா ஏலத்தில் எடுத்த, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த நூறு வருஷத்துக்கு மேலான வெள்ளைக்காரப் படங்கள் சில கடையில் தொங்கின.

அய்யலூரிலிருந்து வந்த ஒரு அம்மா, அதில் ஒரு துரைசானியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். பிரசவத்தில் செத்துப்போன மகளுக்கு ஒரு போட்டோகூட இல்லையாம்.

"எம் மக கண்ணு அப்படியே இருக்குய்யா. பொட்டு வச்சுக் குடுங்க."

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பொட்டு வைத்து, தொப்பியை மறைத்து மல்லிகைச் சரமும் வரைந்து கொடுத்தேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. செத்தவள் பெற்ற மகள், துரைசானியைப் போலவே நெற்றியோரம் முடியைச் சுருட்டி விட்டிருந்தாள்.

"அம்மா படம் போட்டது நீங்கதானாமே? நான் அவுக சாயலா இருக்கேனா?"

"அப்படியே இருக்க, தாயி."

துரைசானி யார் பெற்ற பிள்ளையோ. அதன்பிறகு எந்தப் படத்துக்குப் பொட்டு வைத்தாலும், அவள் கண்தான் என்னைப் பார்க்கிறது.